அக்கா பேசாமல் போன தவக்காலம்

அக்கா வாயைத் திறந்தால் மீன் கடைக் கொட்டகையின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கும். அவளுக்குப் பின்னால் அரிவாள்மணையைப் போட்டுக்கொண்டு மீன் ஆய்ந்து கொடுக்கிறவள் நான். தலையை நிமிர்த்தவே வேண்டாம். யார் வந்திருக்கிறார்கள், என்ன மீன் கேட்கிறார்கள், இன்னும் எவ்வளவு நேரம் அவர்களை நிற்க வைப்பாள் என்பதெல்லாம் காதாலேயே தெரிந்துவிடும். ஆழ்வார்பேட்டையிலிருந்து காரில் வருகிற ஒரு பெரியவர் மீன் ஃப்ரெஷ்ஷா என்று கேட்பார். "அதாண்டயே கேளு சார், இப்பதான் தூங்கி எயந்துகீது" என்பாள். அவர் சிரித்துக்கொண்டே அவள் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுப் போவார்.

அக்கா என்றால் என் கூடப் பிறந்தவள் இல்லை. என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. அண்ணன் தம்பி இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பட்டினப்பாக்கத்து வாரியக் குடியிருப்பில், ஒரே மாடியில், எதிரெதிர் கதவில் நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம். அவள் வீட்டில் அவள் மகன் இருக்கிறான். ஈக்காட்டுத்தாங்கலில் லேத்துப் பட்டறையில் வேலை. எனக்குப் பேச்சு வராது. புது ஆள் முன்னால் நின்றால் வந்த வார்த்தையும் உள்ளே போய்விடும். எனக்கும் சேர்த்து அக்காவே பேசிவிடுவாள் என்பதால் இத்தனை வருஷம் எனக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

கொட்டகையில் எங்களுக்கு நேர் எதிரே ஒரு கடை. அதை வைத்திருப்பவளை நாங்கள் எதிர்க்கடைக்காரி என்றுதான் சொல்வோம். அக்கா வயதுதான் அவளுக்கும். அவர்கள் அம்மனைக் கும்பிடுகிறவர்கள், நாங்கள் மாதா கோயில்காரர்கள். ஆனால் சண்டை அதனால் இல்லை. கார் வந்து நிற்கிற மூலை அக்காவிடம் இருந்தது. அந்த மூலையில் உட்கார்ந்தால் இறங்குகிற ஆள் முதலில் நம் முகத்தில்தான் முழிக்க வேண்டும். அது தனக்கு வர வேண்டிய இடம் என்று எதிர்க்கடைக்காரி சொல்வாள். இல்லை என்று அக்கா சொல்வாள். இரண்டு பேருக்கும் தலை நரைத்த பிறகும் இந்த வழக்கு தீரவில்லை.

"அவளாண்ட வாங்கினு போனா ஊட்ல பூன கூட திரும்பிப் பாக்காது" என்று அங்கிருந்து குரல் வரும்.

"பூனைக்கு அது ஊடு தெரியும். உன்னாட்டம் எதிர் ஊட்ட பாத்துகினு குந்தாது" என்று இங்கிருந்து போகும்.

வாங்க வந்தவர்கள் இரண்டு கடைக்கும் நடுவில் நின்று ரசித்துவிட்டு, கடைசியில் இரண்டு கடையிலும் வாங்குவார்கள்.

ஒரு தடவை ஐஸ் பெட்டியைத் தூக்கும்போது அக்காவுக்கு இடுப்பில் பிடித்துக்கொண்டது. தைலம் தேய்த்தோம், ஒத்தடம் கொடுத்தோம். போகவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்து, ரத்தம் எடுத்து, எலும்பிலிருந்தும் எடுத்துப் பார்த்து, எலும்புக்குள்ளே ரத்தம் ஊறுகிற இடத்தில் புற்று வந்திருக்கிறது என்றார்கள். அக்கா அதை ஒளித்து வைக்கவில்லை. ஊசி போட்டுக்கொண்டு, கொஞ்சம் தேறிக் கடைக்குத் திரும்பிய அன்றைக்கே கொட்டகைக்கு நடுவில் நின்று, தனக்கு ரத்தத்தில் புற்று, அது யாருக்கும் ஒட்டாது, மீனுக்கும் ஒட்டாது, வந்து வாங்குங்கள் என்று சொன்னாள். அந்த மாதிரி ஒரு தைரியத்தை நான் வேறு எங்கும் கண்டதில்லை. எதிர்க்கடைக்காரி அன்றைக்கு ஒரு நாள் மட்டும் வாயைத் திறக்கவில்லை. மறுநாளிலிருந்து பழையபடி ஆரம்பித்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு தடவையும் சொல்லி அனுப்புவார்கள். இந்த நோய் எலும்பைக் கரைக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், அதனால் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், மருந்தில் பாதி தண்ணீர்தான் என்பார்கள். அக்கா தலையாட்டுவாள். எங்கள் தொழிலில் கடையை விரித்து உட்கார்ந்துவிட்டால் நடுவில் எழுந்து போக முடியாது. அதற்குப் பயந்தே சின்ன வயதிலிருந்து தண்ணீரைக் குறைத்துக் குடித்துப் பழகியவர்கள் நாங்கள். ஆனாலும் அக்கா ஒரு பெரிய பாட்டில் வாங்கி வைத்து, முடிந்தவரை குடித்துக்கொண்டுதான் இருந்தாள்.

அப்புறம் தவக்காலம் வந்தது, உயிர்ப்பு ஞாயிறான ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள். அந்த நாட்களில் எங்கள் வீடுகளில் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருப்போம், வெள்ளிக்கிழமை கறி எடுக்க மாட்டோம். அதோடு ஆளுக்கொரு பொருளை விட்டுவிடுவோம். சிலர் டீயை விடுவார்கள், சிலர் டிவி பார்ப்பதை விடுவார்கள். எதை விட்டோம் என்று வெளியே சொல்லக் கூடாது. சொன்னால் நேர்ச்சையின் பலன் போய்விடும். யாரும் கேட்கவும் கூடாது. இது எங்கள் அம்மா காலத்திலிருந்து இருக்கிற வழக்கம்.

அந்த வருஷம் சாம்பல் பூசுகிற புதன்கிழமை பிரசங்கத்தில் சாமியார், சாப்பாட்டை மட்டும் விட்டால் போதாது, நாக்கையும் கொஞ்சம் அடக்கிப் பாருங்கள் என்றார். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவும் தனக்குப் பின்னால் யார் என்று திரும்பிப் பார்ப்பது போலப் பார்த்தாள். கோயிலுக்குள்ளேயே சிரிப்பு எழுந்துவிட்டது.

கொஞ்ச நாளில் அக்காவின் பேச்சு குறைந்தது. முதலில் வாங்க வருகிறவர்களை வாசலிலேயே கூப்பிடுகிற சத்தம் நின்றது. அப்புறம் விலைக்குப் பேரம் பேசுவது நின்றது. கேட்டதற்குத் தலையை மட்டும் அசைப்பாள். குடியிருப்பு முழுக்க, அக்கா நாக்கை அடக்குகிற நேர்ச்சை எடுத்திருக்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள். அவளைப் பார்த்தால் மற்றவர்களும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். சாப்பாட்டைத் தொடாமல் வைத்தாள், ஒருசந்தி என்றார்கள். உட்கார்ந்தபடியே கண்ணை மூடிக்கொண்டாள், மனசுக்குள் ஜெபமாலை சொல்கிறாள் என்றார்கள். எனக்கும் அவளைப் பார்க்கப் பெருமையாகத்தான் இருந்தது. நோயோடு இருக்கிற ஒரு மனுஷி இவ்வளவு செய்கிறாளே என்று.

ஆனால் எதிர்க் கதவில் இருக்கிறவளுக்குச் சில விஷயங்கள் தெரியும். பொழுது சாய்ந்தால் குடம் காலியாகிற மாதிரி தண்ணீர் குடித்தாள். ஓயாமல் குளியலறைக்குப் போய்வந்தாள். தின்ற கொஞ்சத்தையும் வாந்தி எடுத்தாள். ஒரு நாள் என்னைச் செத்துப்போன தன் தங்கையின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். மகனிடம் சொன்னேன். "ஒருசந்தி மயக்கம் சித்தி, அம்மாவ கலைக்காத" என்றான். தாய் மேல் உயிரையே வைத்திருக்கிறவன் அவன். அவளுடைய நேர்ச்சை அவளைக் குணமாக்கிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தான்.

அந்த வாரத்தில் ஒரு காலையில் நாங்கள் கொட்டகைக்குப் போனபோது, அக்காவின் மூலையில் எதிர்க்கடைக்காரி தன் கூடையை வைத்து உட்கார்ந்திருந்தாள். வேண்டுமென்றேதான் செய்திருந்தாள். சுற்றி இருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். அக்கா கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் போய், எதிர்ப்பக்கம் வெறும் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இத்தனை வருஷம் ஆசைப்பட்ட இடம் கிடைத்தும் எதிர்க்கடைக்காரியின் முகம் வெளுத்துப்போனது. அவள் தன் கூடையிலிருந்து ஒரு மீனைக்கூட அன்றைக்கு விற்கவில்லை. எழுந்து, அக்கா முன்னால் குந்தி, அவள் முகத்தைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். "ஏ கெய்வி, என்னிய பாரு. நான் யாரு?" என்றாள். அக்கா ஏதோ சொன்னாள். அது ஒரு பேராகவே இல்லை.

எங்கள் மாடிப்படியில் அவள் ஏறியது அதுதான் முதல் தடவை. அக்காவை ஒரு பக்கம் அவளும் ஒரு பக்கம் நானும் பிடித்துக்கொண்டு வந்தோம். அன்றைக்கு இரண்டாவது ஷிப்டு என்பதால் மகன் வீட்டில் இருந்தான். அம்மா நேர்ச்சையில் இருக்கிறாள், பேச மாட்டாள் என்று அவளிடமும் சொன்னான்.

"உங்க சாமி சண்ட போட வாணாம்னு சொல்லிகீது, சரி" என்றாள் எதிர்க்கடைக்காரி. "எடத்த குடுத்துட்டு போன்னு சொல்லிச்சா? அவ அந்த எடத்த உனக்கே குடுக்க மாட்டா. அத்தினி வருசம் அவளாண்ட வாய் குடுத்தவ நான் சொல்றேன், இது நேர்ச்ச இல்ல நைனா. உள்ள அவ இல்ல."

அப்புறம் என் பக்கம் திரும்பி, உனக்குத் தெரிந்ததைச் சொல்லு, சத்தமாகச் சொல்லு என்றாள். தண்ணீர் குடிப்பதையும், குளியலறைக்கு நடப்பதையும், வாந்தியையும், தங்கையின் பேரையும் சொன்னேன். என் குரல் அந்த அறைக்குள் அவ்வளவு பெரிதாகக் கேட்டது எனக்கே கூச்சமாக இருந்தது. மகன் சட்டையை மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடிக்க ஓடினான்.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் இருந்த டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. கண்ணுக்குக் கீழே கருவளையம், காலில் ரப்பர் செருப்பு. மகன் வழியெல்லாம் ஒத்திகை பார்த்தது போல எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, ஒருசந்தி இருப்பதையும் சொன்னான். அவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, அக்காவின் தோலைக் கிள்ளிப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். நாக்கு வெயிலில் காய்ந்த கருவாடு மாதிரி இருந்தது. ரத்தம் எடுத்து அனுப்பி, முடிவு வருவதற்குள்ளேயே கையில் உப்புத் தண்ணீர் ஏற்ற ஆரம்பித்துவிட்டார்.

முடிவு வந்ததும் எங்களை ஓரமாகக் கூப்பிட்டு, அவசரப்படாமல் சொன்னார். இந்த நோய் எலும்பைக் கரைத்து, அதில் இருக்கிற சுண்ணாம்புச் சத்தை ரத்தத்தில் விட்டுவிடுகிறது. அது அளவுக்கு மேல் ஏறினால் மூளை மந்தமாகும், வாந்தி வரும், சிறுநீரகம் தண்ணீரைப் பிடித்து வைக்க முடியாமல் வெளியே விட்டுவிடும். உடம்பு காயக் காய ரத்தத்தில் அது இன்னும் ஏறும். முற்றிவிட்டால் இதயமே நின்றுபோகும். எலும்புக்கு நல்லது என்று கால்சியம் மாத்திரை ஏதாவது கடையில் வாங்கிக் கொடுத்தீர்களா என்று கேட்டார். மகன் வாங்கிக் கொடுத்திருந்தான். தலையைக் குனிந்துகொண்டான். அவர் திட்டவில்லை. "நோய்தான்யா முக்கியக் காரணம். மாத்திரையை நிறுத்திடுங்க, இப்ப நாம பார்த்துக்கலாம்" என்று அவன் தோளைத் தட்டினார். உயிருக்கு ஆபத்து இருக்கிறது, ஆனால் வழியும் இருக்கிறது என்றார். அப்படி இரண்டையும் ஒரே வாயால் மறைக்காமல் சொன்னதற்காக நான் அந்தப் பெண்ணை மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டேன்.

பாட்டில் பாட்டிலாக உப்புத் தண்ணீர் ஏறியது. எலும்பைக் கரைய விடாமல் பிடித்து வைக்கிற ஊசி ஒன்று போட்டார்கள். உள்ளே எவ்வளவு போகிறது, வெளியே எவ்வளவு வருகிறது என்று நர்சுகள் அளந்துகொண்டே இருந்தார்கள். சிறுநீர் இறங்குகிற பையைத் தூக்கிப் பார்ப்பதில் ஒருத்தியும் முகம் சுளித்து நான் பார்க்கவில்லை. நிறைந்து வந்தால் நல்லா வருதும்மா என்று சந்தோஷப்பட்டார்கள். டாக்டரம்மா வரும்போதெல்லாம் அக்காவின் காதருகே குனிந்து அவள் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். அக்கா கண்ணைத் திறந்து திரும்ப மூடிக்கொள்வாள். தெரிந்தவர்கள் பக்கத்தில் இருந்து பேசிக்கொண்டே இருந்தால் நல்லது என்று என்னிடம் சொன்னார். எனக்கு இரண்டு வார்த்தைக்கு மேல் வரவில்லை.

சாயங்காலத்தில் எதிர்க்கடைக்காரி வந்தாள். கடையை முடித்து, வீட்டுக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டு, சலவைப் புடவை கட்டி, மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். மீன் வாசனை மற்ற நோயாளிகளுக்கு ஆகாது என்று அவளாகவே நினைத்துச் செய்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அன்றைக்கு எந்தப் படகு என்ன கொண்டுவந்தது, யார் ஏமாந்தது, யார் ஏமாற்றியது என்று ஆரம்பித்து, நடுநடுவே அக்காவைத் திட்டிக்கொண்டே போனாள். தினமும் வந்தாள். அவள் திட்டுகிறபோது அக்காவின் புருவம் சுருங்குவதை முதலில் பார்த்தது அந்த வார்டு நர்சுதான். "விடாதீங்கம்மா, கேக்குது அவங்களுக்கு" என்றார்.

ரத்தத்தில் ஏறியிருந்தது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஒரு மத்தியானம் அக்கா முழித்து, என்னை என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். இது எந்த இடம் என்று கேட்டாள். நான் அழுதுவிட்டேன். டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, இனிமேல் வாயாலேயே தண்ணீர் குடிக்கட்டும், டிரிப்ஸைக் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் நாள் முழுக்க விடாமல் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்பவும் இதே இடத்துக்கு வந்து நிற்போம் என்றார். நான் டம்ளரை நீட்டினேன். அக்கா உதட்டை இறுக்கிக்கொண்டாள். பொழுது சாயட்டும் என்றாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மகனை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டேன். கேட்கக் கூடாததைக் கேட்டேன். அவள் நாக்கை அடக்குகிற நேர்ச்சை எடுக்கவே இல்லை. அந்த வருஷம் அவள் விட்டது தண்ணீரை. பொழுது விடிந்ததிலிருந்து சாய்கிற வரைக்கும் ஒரு சொட்டு குடிப்பதில்லை, சிலுவையில் தாகமாய் இருந்தவருக்காக, உயிர்ப்பு ஞாயிறு வரைக்கும், என்று மாதாவிடம் சொல்லியிருக்கிறாள். மகனுக்கு நல்ல இடத்தில் பெண் அமைய வேண்டும் என்பதற்காக. தன் நோய்க்காகக்கூட இல்லை.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. உங்கள் ஃபாதரைக் கூப்பிடுங்கள் என்றார். சாமியார் அன்றைக்கே வந்தார். நோயாளிகளுக்கு ஒருசந்தி கிடையாது, திருச்சபையே அவர்களை விட்டுவிட்டது, மருந்தாக நினைத்துக் குடியுங்கள் என்று அவள் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுப் போனார். அக்கா பணிவாகக் கேட்டுக்கொண்டாள். அவர் போனதும் டம்ளரைத் தள்ளி வைத்தாள்.

"சாமியாரு உட்டுட்டாரு. நான் சொன்னது அவராண்டயா? மாதாவாண்ட. குடுத்த வாக்க பாதில புடுங்கினா என் புள்ளைக்கு இன்னா ஆவும்?"

மகன் காலைப் பிடித்துக் கெஞ்சினான். எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்றான். அதைச் சொன்னதால் அவள் இன்னும் உறுதியாகிவிட்டாள். கையில் ஏறுகிற பாட்டிலை எப்போது எடுப்பார்களோ என்று நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் மல்லிகைப்பூவோடு வந்தவளிடம் நடந்ததைச் சொன்னேன். எதிர்க்கடைக்காரி ஸ்டூலை நகர்த்திக் கிட்டே போட்டுக்கொண்டாள்.

"மாதாவுக்கு வேண்டியது ஒருத்தி தாகமா கீறதுதான? நான் கீறேன். நாளைலர்ந்து பொய்து சாயிற வரிக்கும் நான் குடிக்கல. உன் கணக்குல வெச்சிக்க சொல்லு."

"நீ வேற சாமி" என்றாள் அக்கா.

"தாகம் இன்னா சாமி பாத்தா வருது? கடற்கரையில வெயில்ல குந்திகினு கீற பொம்பளைக்கு எல்லாம் ஒரே தாகந்தான். மாதாவும் கடலாண்ட கீறவதான, அவளுக்கு தெரியும்."

"ஒரு நாள் தாங்க மாட்டே நீ."

"நான் தாங்கலனா அப்பால நீ உன் தாகத்த திருப்பி எடுத்துக்கோ. அது வரிக்கும் குடிச்சினு கெட. என் வாக்கு இப்ப."

அக்கா என்னைப் பார்த்தாள். அந்த நேரத்தில் ஜன்னல் வழியாக வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. டம்ளரை நான் கையில் கொடுத்தேன். பொழுது சாய்ந்துவிட்டதா, நேர்ச்சை கைமாறிவிட்டதா என்று எனக்குத் தெரியாது. குடித்தாள். மறுநாள் காலையில் வெயில் நன்றாக ஏறிய பிறகும் குடித்தாள். கொட்டகையில் எதிரே உட்கார்ந்திருப்பவள் குடிக்கிறாளா என்று பார்த்துவிட்டு வரச் சொல்லி முதலில் என்னை அனுப்பிவிட்டு, நான் வந்து இல்லை என்று சொன்ன பிறகுதான்.

அதிலிருந்து உயிர்ப்பு ஞாயிறு வரைக்கும் என் வேலை அதுவாகிவிட்டது. அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் வீட்டுக்கும் கொட்டகைக்கும் நடந்தேன். கோடை வெயில். ஐஸ் கரைந்து தரையெல்லாம் தண்ணீர் ஓடும், அதற்கு நடுவில் எதிர்க்கடைக்காரி உதடு வெடித்து உட்கார்ந்திருப்பாள். மீன் மேல் தண்ணீர் தெளிப்பாள், கையை முந்தானையில் துடைத்துக்கொள்வாள், வாய் பக்கம் கொண்டுபோக மாட்டாள். பக்கத்துக் கடைக்காரர்கள் டீ நீட்டினால் வயிறு சரியில்லை என்று பொய் சொல்வாள். யாருக்காக என்று ஒரு ஆளிடம் சொல்லவில்லை. வெளியே சொன்னால் பலன் போய்விடும் என்று நான் சொல்லியிருந்தேன். எங்கள் கோயில் படி மிதிக்காத அவள் அதை எங்களைவிட நன்றாகக் காப்பாற்றினாள்.

பெரிய வெள்ளிக்கிழமை உச்சி நேரத்தில் அக்கா மனசு தாங்க முடியாமல், அவளைப் போதும் என்று நிறுத்திக்கொள்ளச் சொல், மாதா இவ்வளவு கேட்க மாட்டாள் என்று சொல்லி அனுப்பினாள். போய்ச் சொன்னேன். எதிர்க்கடைக்காரி தலையில் போட்டிருந்த ஈரத் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கரகரத்த குரலில், "அவ வேலய அவள பாக்கச் சொல்லு. ஒயுங்கா குடிச்சாளா இன்னிக்கி?" என்று கேட்டாள்.

குடித்தாள் என்றேன்.

"இன்னொரு சொம்பு குடிக்கச் சொன்னேன்னு சொல்லு. சொல்லும்போது என்னாட்டம் சொல்லணும். இப்படி முணுமுணுன்னு சொன்னா அந்தக் கெய்வி குடிக்க மாட்டா."

திரும்பி வந்தேன். மாடிப்படி ஏறி, கதவுக்கு வெளியிலேயே நின்று, என்னால் முடிந்த மட்டும் சத்தமாக, அவள் சொன்னபடியே, கிழவி என்பதையும் விடாமல் சொன்னேன். மேல்மாடியில் யாரோ எட்டிப் பார்த்தார்கள். அக்கா உள்ளிருந்து அவளுக்கு ஒரு வசவும் எனக்கு ஒரு வசவும் விட்டுவிட்டு, சொம்பை எடுத்து அண்ணாந்து குடித்தாள். கடைசிச் சொட்டு வரைக்கும் நான் வாசலிலேயே நின்று பார்த்தேன்.